அறுபத்து மூன்று பேருக்கு ஒரே மெயில்

நாயன்மார்கள் எத்தனை பேரோ அத்தனை பேர். அறுபத்து மூன்று பேருடைய வங்கிக் கணக்கில் என் கடையின் மெயில் முகவரி இருந்தது என்பதை அந்தப் புதன்கிழமைதான் எண்ணிப் பார்த்தேன். அதற்கு முன்னால் எண்ணியிருந்தால் பயந்திருப்பேன். பயந்திருந்தால் அன்றைக்கு அப்படித் தலைதெறிக்க ஓடியிருக்க வேண்டாம்.

என் பெயர் சுலோசனா. மைசூரு ஹெப்பாளில், தொழிற்பேட்டைக்குத் திரும்பும் இடத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'காவேரி ஜெராக்ஸ்' என்று ஒரு கடை வைத்திருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அது மக்கர் செய்யும்போது தட்டுவதற்கு என் கை. ரேஷன் கார்டு, பி.எஃப்., ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு என்று எதற்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஆலைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிற நம் தமிழ் ஆட்களில் நிறையப் பேருக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எனக்கு மூன்று பாஷையிலும் எழுதப் படிக்க வரும். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

வங்கிப் படிவத்தில் மெயில் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் கௌண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெயில் என்றால் ரயில் என்று நினைக்கிறவர்களிடம் முகவரி கேட்டு என்ன செய்வது? ஒன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் என் கடை முகவரியை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே முகவரி எப்படி இத்தனை பேருக்கு என்று வங்கியில் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

பிறந்த தேதியும் அப்படித்தான். ஆதாரில் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்று. வருடம் தோராயமாகத் தெரியும், நாள் தெரியாது, எனவே முகாமில் உட்கார்ந்திருந்தவர் ஜனவரி ஒன்று என்று தட்டிவிட்டுப் போய்விட்டார். வங்கி மாதா மாதம் அனுப்பும் கணக்கு அறிக்கைகள் என் மெயிலுக்கு வந்து விழும். அவற்றைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்தும், பிறந்த நாளும் மாதமும் போட வேண்டும். ஆக, அத்தனை வீட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சாவி, அதுவும் என் கடையில் மாட்டியிருந்தது.

அந்த அறுபத்து மூன்று பேரில் பெரிய தொகை வைத்திருந்தவர் மாதம்மாக்கா ஒருவர்தான். மார்டள்ளிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒரு மோட்டார் உதிரிபாக ஆலையில் துப்புரவு வேலை. கணவர் இல்லை, மகள் தமிழ்ப்ரியா நர்சிங் படிக்கிறாள். இங்கே வீட்டை லீஸுக்கு விடுவார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது, காலி செய்யும்போது அதே தொகை திரும்பி வரும். மாதம்மாக்கா பன்னிரண்டு வருடமாக அப்படிக் கொடுத்து, கூட்டி, மாற்றி, நான்கு லட்சம் ஆக்கியிருந்தார். அவருக்குச் சொத்து, வீடு, மகள் கல்யாணம் எல்லாமே அந்த நான்கு லட்சம்தான்.

இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். பணத்தை மாதம்மாக்காவின் கணக்கில் போட்டுவிட்டு, வாங்கியவர் வரும்வரை இருந்துகொள்ளச் சொன்னார். மேட்டகள்ளியில் வேறு வீடு பேசி முடித்தாயிற்று. அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார், எல்லோரும் மேஷ்ட்ரு என்பார்கள். அவர் ஆஷாட மாதத்தில் யாரையும் குடிவைக்க மாட்டேன் என்றார். கன்னடக்காரர்களின் ஆஷாடம் முடிந்தது. அதற்குள் நமக்கு ஆடி பிறந்துவிட்டது. இப்போது மாதம்மாக்கா ஆடியில் பால் காய்ச்ச மாட்டேன் என்றார். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான்கு லட்சம் வங்கியில் சும்மா கிடந்தது.

அதைச் சும்மா விட எனக்குப் பொறுக்கவில்லை. மாதம்மாக்காவின் கணக்கு கைநாட்டுக் கணக்கு. கார்டு கிடையாது, போனில் பணம் அனுப்ப முடியாது. ஐந்நூறு ரூபாய் வேண்டுமென்றாலும் அரை நாள் லீவு போட்டு, பாஸ்புக்கோடு கிளைக்குப் போய்க் கட்டைவிரலை உருட்ட வேண்டும். ஏற்கெனவே மூன்று மாதமாக ஷிப்டு முடிந்ததும் அவரை என் கடையில் உட்கார வைத்து, வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழக்கினேன். நன்றாகவே வந்துவிட்டது. உடனே கைநாட்டைக் கையெழுத்தாக மாற்றவும், கார்டும் இணைய வங்கிச் சேவையும் கேட்டும் படிவம் நிரப்பிக் கையில் கொடுத்தேன்.

"நாளைக்கே போய்க் குடுத்துடுங்க அக்கா. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கைநாட்டு? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க அம்மிணி" என்றார் மாதம்மாக்கா, படிவத்தை நான்காக மடித்துக்கொண்டே.

மூன்று நாள் கழித்து, "குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன். "உம்" என்றார். நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் கடையில் ஒரே கூட்டம். நடுவில் ஒரு மெயில் வந்தது. உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இரண்டு மணி நேரத்தில் மூடப்படும், தொடர இங்கே அழுத்தவும் என்று ஆங்கிலத்தில். பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் போட்டோவும் சான்றிதழுமாக அந்த மெயிலுக்கே அனுப்புவதால் என் பெட்டி எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். மூன்று பாஷை தெரிந்தவள் பாருங்கள்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு ரூபா வந்தாள். ஹெப்பாள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். வீட்டில் தமிழ்தான் என்றாலும் கன்னடம் கலந்துதான் பேசுவாள்.

"அக்கா, ஆஃபர் லெட்டர் மெயில் மாடிட்டேன். ரெண்டு காப்பி."

"ஒண்ணும் வரலியேம்மா."

"சும்னே சொல்லுவேனா அக்கா? நேத்தே அனுப்பிட்டேன். இங்க பாருங்க" என்று போனைக் காட்டினாள். அனுப்பியிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது, நேற்று காலையிலிருந்து எனக்கு ஒரு மெயிலும் வரவில்லை. குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ரூபாவின் கடிதம் அங்கே கிடந்தது. அதோடு வேறு நாற்பது கடிதங்களும் கிடந்தன. வருவதெல்லாம் ஏதோ ஒரு தெரியாத முகவரிக்கு ஒரு நகல் போய்விட்டு, பிறகு நேராகக் குப்பைக்குப் போகும்படி யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள்.

பட்டியலில் இன்னும் கீழே போனேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டுக்கு என் முகவரியிலிருந்து வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. எழுதியது மாதம்மா. நல்ல ஆங்கிலம். என் கைபேசி தொலைந்துவிட்டது, பழைய எண்ணை எடுத்துவிட்டு இந்தப் புது எண்ணைப் பதிவு செய்யவும், ஆதார் நகல் இணைத்துள்ளேன். அந்த ஆதார் நகல் நானே ஸ்கேன் செய்து மெயிலில் வைத்திருந்தது. பன்னிரண்டே காலுக்குக் கிளையிலிருந்து பதில் வந்திருக்கிறது: தங்கள் வேண்டுகோள் நிறைவேற்றப்பட்டது. அதற்கடுத்து வங்கியின் தானியங்கிக் கடிதம் ஒன்று: இணைய வங்கிச் சேவைக்கான தங்கள் கோரிக்கை பெறப்பட்டது, முடிவு தங்கள் கைபேசிக்குத் தெரிவிக்கப்படும்.

கைபேசி திருடனின் கைபேசி. என்ன முடிவு என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் புரிந்தது. இணைய வங்கிச் சேவை கேட்டு நான் நிரப்பிய படிவம் போன வாரம் கிளைக்குப் போயிருக்கும். கதவு வைத்துக் கொடுத்தவளும் நான்தான், சாவியைக் கொடுத்தவளும் நான்தான். பாஸ்வேர்டை மாற்றினேன், அந்தத் திருட்டு ஏற்பாட்டை அழித்தேன், ரூபாவுக்குக் காப்பி கூட எடுத்துக் கொடுக்காமல் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ரோட்டைத் தாண்டினேன். வங்கி இரண்டு கட்டடம் தள்ளித்தான் இருக்கிறது.

உதவி மேலாளர் செந்தில்நாதன் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கிளையில் தமிழ் ஆள் வந்திருக்கிறார் என்று நான்தான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், மாதம்மான்னு ஒரு அக்கா. நேத்து அவங்க நம்பரை நீங்க மாத்தியிருக்கீங்க."

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "ஆமா மேடம். ரிஜிஸ்டர்ட் மெயில்லேர்ந்து ரெக்வெஸ்ட் வந்துச்சு. கேஒய்சிக்கு ஆதார் காப்பி அட்டாச் பண்ணியிருந்தாங்க."

"அது அவங்க அனுப்பல. என் மெயிலை எவனோ திருடி அனுப்பியிருக்கான். அந்தக் கணக்கை உடனே நிறுத்துங்க. பணம் இருக்கா பாருங்க."

செந்தில்நாதனின் முகம் கொஞ்சம் மாறியது. குரல் மட்டும் மாறவில்லை. "மேடம், அக்கவுண்ட் டீடெய்ல்ஸ் உங்ககிட்ட சொல்ல முடியாது. கஸ்டமர் நேர்ல வரணும். ரூல்ஸ்."

"நம்பரை மாத்தறதுக்குக் கஸ்டமர் நேர்ல வர வேண்டாம். திருடனை நிறுத்தறதுக்கு மட்டும் வரணுமா?"

கௌண்டரில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்தார். "ஹெல்ப்லைன்ல பிளாக் பண்ணலாம் மேடம்" என்று ஒரு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அங்கேயே நின்று கூப்பிட்டேன். கன்னடத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று ஏழு நிமிஷம் கதை நடந்தது. கடைசியில் ஒரு பெண் வந்து, கணக்கை நிறுத்திவிடலாம் மேடம், பதிவு செய்த கைபேசிக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள் என்றாள். திருடனுக்கு ஓ.டி.பி. அனுப்பிவிட்டு என்னிடம் கேட்கிறாள். அவளைத் திட்டி என்ன பயன்? போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆலை இரண்டு கிலோமீட்டர் இருக்கும். உள்ளே போகும்போது தொழிலாளர்கள் போனை கேட்டில் கொடுத்துவிட வேண்டும், அதனால் மாதம்மாக்காவைக் கூப்பிட வழியில்லை. காவலாளி "ஏனாயித்தம்மா?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று எந்த பாஷையில் சொல்வது? வீட்டில் அவசரம் என்று மட்டும் சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து மாதம்மாக்கா நீல யூனிபார்மில், கையில் சாப்பாட்டுப் பையோடு வேகமாக வந்தார்.

"தமிழ்ப்ரியாளுக்கு என்னாச்சு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. உங்க பணம் அக்கா. ஆட்டோல ஏறுங்க, சொல்றேன்."

சொன்னேன். என் மெயில், என் ஸ்கேன், நான் அழுத்திய அந்தப் பாழாய்ப்போன மெயில், ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றியது, ஆனால் பக்கத்தில் அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அப்படி உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"என்ர காசு இருக்குதா, இல்லியா?"

"தெரியல அக்கா."

அவர் சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டில் திரும்ப வாங்கியிருந்த பட்டன் போனை இடுப்பிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். "நேத்து ஷிப்டு முடிஞ்சு போனை வாங்குனப்ப இது வந்திருந்துச்சு. ரீசார்ஜ் கம்பெனிக்காரன்னு நெனச்சேன்."

வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. உங்கள் கைபேசி எண் மாற்றப்பட்டது, இதை நீங்கள் செய்யவில்லை என்றால் உடனே தெரிவிக்கவும். எல்லாம் ஆங்கிலத்தில். கைநாட்டு வைக்கிற வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் எச்சரிக்கை அனுப்பிவிட்டு வங்கி தன் கடமையை முடித்துக்கொண்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஜெராக்ஸ் மெஷினை விற்றால் நாற்பதாயிரம் வரும். என் வளையல், சங்கிலி. என் வீட்டுக்காரர் கணேசன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், அவர் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம். எப்படிக் கூட்டினாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை. மீதிக்கு என்ன செய்வேன்? படிவம் கொடுத்தாயிற்றா என்று இன்னொரு முறை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் மூடிக்கொண்டேன்.

"போனா நான் குடுத்துடறேன் அக்கா" என்றேன்.

"எங்கிருந்து குடுப்ப?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் இன்னும் சுட்டது.

கிளைக்குள் நுழைந்ததும் செந்தில்நாதன் தானாகவே எழுந்து நின்றார். மாதம்மாக்கா பாஸ்புக்கை மேஜைமேல் வைத்தார். போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர் கட்டைவிரலை ஒரு சீட்டில் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். அந்தக் கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. என் பிரிண்டராக இருந்தால் ஒரு தட்டு தட்டியிருப்பேன்.

"நாலு லட்சத்து மூவாயிரத்து இருநூத்தி அறுபது" என்றார் செந்தில்நாதன்.

"இருக்கா?" என்றேன்.

"இருக்கு மேடம். அப்படியே இருக்கு."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் திரையை இன்னும் கீழே இறக்கிப் பார்த்தார். "நேத்து மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் நாலு தடவை நெட் பேங்கிங் ரிஜிஸ்டர் பண்ணப் பாத்திருக்கான். நாலும் ரிஜெக்ட். கைநாட்டுக் கணக்குக்கு ஆன்லைன் எதுவும் கிடையாது மேடம். கிளைக்கு நேர்ல வந்தாத்தான் பணம். சிஸ்டமே விடாது."

"கைநாட்டா? போன வாரமே கையெழுத்துக்கு மாத்தச் சொல்லிப் படிவம் குடுத்தாங்களே."

"எனக்கு எதுவும் வரலியே" என்றார் செந்தில்நாதன்.

இருவரும் மாதம்மாக்காவைப் பார்த்தோம். அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான்காக மடித்தது மடித்தபடி, ஓரத்தில் குழம்புக் கறையோடு, என் கையெழுத்தில் நான் நிரப்பிய அதே படிவம்.

"குடுத்துட்டேன்னு சொன்னீங்களே அக்கா."

"உம்முன்னேன். ஆடியில எவளாச்சும் புதுசா ஒண்ணு தொடங்குவாளா? சொன்னா நீ கத்துவ. அதான் ஆடி போவட்டும்னு வெச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வங்கி என்று பார்க்காமல், செந்தில்நாதன் என்று பார்க்காமல், வாய்விட்டுச் சிரித்தேன். பாதியிலேயே அது அழுகையாக மாறிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு மாதம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல் மை என் கையெல்லாம் ஒட்டியது. பதினோரு மணியிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் இறங்கியது. அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன். செந்தில்நாதனும் மெல்ல ஒரு அப்பாடா சொன்னதை நான் கேட்காமல் இல்லை. எண்ணை மாற்றியது அவர்தானே.

"அழுவாத அம்மிணி" என்றார் மாதம்மாக்கா. பிறகு அவருக்கே கண் நிறைந்துவிட்டது. யூனிபார்ம் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அந்தக் காசை இன்னொருக்காச் சொல்லுங்க சாமி" என்று செந்தில்நாதனிடம் கேட்டார். அவர் மறுபடியும் சொன்னார். நாலு லட்சத்து மூவாயிரத்து இருநூத்தி அறுபது.

நெஞ்சு லேசானதும் எனக்குக் குணம் திரும்பிவிட்டது. மேலாளர் அறைக்குள் போனேன். ஒரு மெயிலை நம்பி எண்ணை மாற்றியது தவறு, பழைய எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் காபி வரவழைத்தார். தலைமை அலுவலகம்வரை போக வேண்டாமே அம்மா என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போவேன் என்றேன். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு பழைய எண்ணைத் திரும்பப் பதிவு செய்து, நடந்ததை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அங்கிருந்தே இணையத் திருட்டுக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகாரும் கொடுத்தேன். அவன் பிடிபட்டானா என்று இன்றுவரை தெரியாது. எங்கேயோ உட்கார்ந்து நான்கு தடவை முட்டிப் பார்த்து, ஒரு கைநாட்டிடம் தோற்றுப் போனான் என்பதே எனக்குப் போதும்.

மற்ற அறுபத்து இரண்டு பேர்? அன்று சாயங்காலம் கணேசனும் நானும் பட்டியல் போட்டு ஒவ்வொருவருக்காகப் போன் செய்தோம். ஒருவருக்கும் ஒரு ரூபாய் போகவில்லை. மாசக் கடைசியில் அந்தக் கணக்குகளில் எடுக்க என்ன இருந்தது என்பது வேறு விஷயம்.

அடுத்த இரண்டு வாரம் என் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை. ஆட்களை ஷிப்டு முடிந்ததும் பத்துப் பத்துப் பேராகக் கிளைக்கு அழைத்துப் போய் என் முகவரியை நீக்கினேன். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை, முதல் நாலைந்து பேரிடம் சண்டை போடுகிற குரலில்தான் கேட்டேன். பிள்ளைகள் முகவரி தொடங்கிக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கட்டத்தில் அதை எழுதினேன். மற்றவர்களுக்கு 'இல்லை' என்று எழுதினேன். காலியாக இருந்தால் வாங்க மாட்டோம் என்று ஒன்பது வருடம் சொன்னவர்கள், 'இல்லை' என்று எழுதியதை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். செந்தில்நாதன் தன் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: மெயிலில் கேட்டால் பழைய எண்ணுக்குப் போன் செய்த பிறகே மாற்றவும்.

ஆவணி பிறந்தது. முதல் வாரத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து மேஷ்ட்ரு ஒப்பந்தம் எழுத என் கடைக்கே வந்தார். நான் அச்சடித்துக் கொடுத்தேன். மாதம்மாக்கா யூனிபார்ம் இல்லாமல் மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். கூடவே தமிழ்ப்ரியா. மேஷ்ட்ரு பழக்கத்தில் மைப்பெட்டியைத் தேடினார். மாதம்மாக்கா பேனாவை வாங்கி, தாளை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் மாதம்மா என்று கையெழுத்துப் போட்டார். மூன்று பக்கத்திலும் போட்டார். தமிழ்ப்ரியா அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் வரைவோலை எடுக்க வங்கிக்குப் போனோம். செந்தில்நாதன் சிரித்துக்கொண்டே புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். "அம்மா, ஆடி முடிஞ்சிருச்சே. கையெழுத்துதான் வந்துருச்சாமே. மாத்திரலாமா?"

மாதம்மாக்கா என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்து என்ர ஊட்டுக்கு சாமி" என்று சொல்லிவிட்டு, மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பேங்குக்கு இது போதும்."

வரைவோலைப் படிவத்தில் கட்டைவிரலை அழுத்தி, இடமிருந்து வலமாக மெதுவாக உருட்டி எடுத்தார். நான் பையிலிருந்து ஒரு வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளை எடுத்து, அவர் விரலைத் துடைத்துவிட்டேன்.